286-க்குக் குடுத்த வாக்கு

ஓஎஸ்/2 பத்தி எங்க பேச்சு வந்தாலும் எல்லாரும் ஒரே கதையத்தான் சொல்றாங்க. ஐபிஎம் அருமையா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் பண்ணுச்சு, மைக்ரோசாஃப்ட் கூடவே இருந்து குழி பறிச்சுட்டு விண்டோஸை வித்து ஜெயிச்சிருச்சு, நல்ல சரக்கு தோத்துப்போச்சு, அவ்ளோதான். இந்தக் கதைய கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு உறுத்தும். அதுல உண்மை இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், கோர்ட்டு வரைக்கும் போய் நிரூபணமான விஷயமே இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன். ஆனா ஓஎஸ்/2 விழுந்த இடம் அது இல்லைங்கிறது என் எண்ணம். அது விழுந்தது ரொம்ப முன்னாடி, விண்டோஸ் யாருக்கும் ஒரு பொருட்டாவே இல்லாத காலத்துல, ஐபிஎம் தன்னோட கஸ்டமருக்கு குடுத்த ஒரு வாக்குனால.

இது இப்ப திரும்ப மண்டைய குடைய காரணம், சமீபத்துல ஆபீஸ்ல நடந்த ஒரு மீட்டிங். நாங்க பண்ற சாஃப்ட்வேரோட அடுத்த வெர்ஷன் பழைய மெஷின்லயும் ஓடணுமா வேண்டாமான்னு பேச்சு. ஒரு பக்கம் "பழைய கஸ்டமர் நம்மள நம்பி காசு போட்டிருக்காங்க, அவங்கள எப்படி நடுத்தெருவுல விடுறது"ன்னு, இன்னொரு பக்கம் "அவங்களுக்காக புது மெஷினோட பாதி சக்திய வீணாக்கணுமா"ன்னு. ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. எங்க டீம்ல மூத்தவர் ஒருத்தர் இருக்கார், அந்தக் காலத்துல பேங்க் மெஷின் சர்வீஸ் பார்த்தவர், எல்லாத்தையும் கேட்டுட்டு "தம்பி, ஐபிஎம் இதே மாதிரிதான் 286-ஐ விட மாட்டேன்னு நின்னுச்சு"ன்னு ஒரே வரி சொன்னார். 286-ங்கிறது அந்தக் கால பிசிக்குள்ள இருந்த இன்டெல் பிராசஸர் சிப். மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்ததும் "சார், அந்தக் கதைய முழுசா சொல்லுங்க"ன்னு கேட்டேன், டீ ஆறுற வரைக்கும் சொன்னார். அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சது நிறைய.

எவ்ளோ பெருசா பேசினாங்க

ஓஎஸ்/2-க்கு கிடைச்ச ஆரவாரம் மாதிரி அதுக்கு முன்னாடி எந்த பிசி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் கிடைச்சதில்ல. 1987 ஏப்ரல்ல ஐபிஎம் பிஎஸ்/2 மெஷின்களோட சேர்த்து அறிவிச்சாங்க. பில் கேட்ஸ் அப்போ ஓஎஸ்/2 புரோகிராமர்களுக்கான ஒரு கையேட்டுக்கு முன்னுரை எழுதினார், அதுல இதுதான் எல்லா காலத்துக்குமான மிக முக்கியமான ஆபரேட்டிங் சிஸ்டமா, ஏன், மிக முக்கியமான புரோகிராமாவே கூட ஆகப் போகுதுன்னு சொன்னார். ஜெயிச்சது அவரோட விண்டோஸ்ங்கிறதால இப்ப இத எடுத்துப் போட்டு சிரிக்கிறாங்க. ஆனா அவர் அன்னைக்கு மனசார நம்பித்தான் எழுதினார்னு நான் நினைக்கிறேன். மைக்ரோசாஃப்ட்டோட நல்ல புரோகிராமர்கள் பெரும்பாலும் அந்த வேலையிலதான் இருந்தாங்க, விண்டோஸ் டீம் அப்போ ஒரு சின்ன கும்பல், அதோட ரெண்டு வெர்ஷனும் பெருசா எடுபடல.

சந்தையும் நம்புச்சு. கணக்கு ஷீட் சாஃப்ட்வேர் வித்த லோட்டஸ் நம்புச்சு, டைப் பண்ற சாஃப்ட்வேர் வித்த வேர்ட்பெர்ஃபெக்ட் நம்புச்சு, அதுவரைக்கும் பிசியில ஓடின ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் செத்தது, அடுத்து ஓஎஸ்/2 தான்னு பத்திரிகைகள் எழுதித் தள்ளுச்சு. ஐபிஎம் ஒண்ணு சொன்னா அது நடக்கும்ங்கிறது அன்னைக்கு பிசி உலகத்துல வேதவாக்கு.

அப்புறம் 1987 டிசம்பர்ல 1.0 கையில வந்துச்சு. விலை 325 டாலர். கிராஃபிக்ஸ் கிடையாது, கறுப்புத் திரைதான், ஜன்னல் எல்லாம் 1988 கடைசியில வந்த 1.1-ல தான் பிரசன்டேஷன் மேனேஜர்ங்கிற பேர்ல வந்துச்சு. அதுவும் சும்மா ஓடாது, பல மெகாபைட் ரேம் கேட்கும், 1988-ன்னா ரேம் தட்டுப்பாடு உச்சத்துல இருந்த வருஷம், விலை எகிறிப்போய் கிடந்துச்சு. பேரு வேற பிஎஸ்/2-ஓட ஒட்டி இருந்ததால இது ஐபிஎம் மெஷின்ல மட்டும்தான் ஓடும்போலன்னு பல பேரு நினைச்சுக்கிட்டாங்க. இதையெல்லாம் தாங்கியிருக்கலாம். தாங்க முடியாத ஒண்ணு இருந்துச்சு.

அந்த சிப்

ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து பண்றதா ஒப்பந்தம் போட்டது 1985 ஆகஸ்ட்ல. இன்டெல் 286-க்கு அடுத்த சிப்பான 386-ஐ வெளியிட்டது அதே 1985 அக்டோபர்ல. நடுவுல ரெண்டே மாசம். இந்த ரெண்டு மாசத்த நினைச்சா எனக்கு இன்னமும் ஆற மாட்டேங்குது. ஏன்னா அப்ப ஐபிஎம் ஏடி மெஷின் வாங்கின பேங்குகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், அரசாங்க ஆபீஸ்கள் எல்லாத்துலயும் இருந்தது 286. அதுல முழு சக்தியையும் பயன்படுத்துற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வரும்னு ஐபிஎம் அவங்களுக்கு வாக்கு குடுத்திருந்துச்சு. ஆகவே ஓஎஸ்/2 286-க்குத்தான்னு முடிவு. 386-க்கு நேரா போயிடலாம்னு மைக்ரோசாஃப்ட் பக்கம் இருந்து சொல்லிப் பார்த்தாங்க, ஐபிஎம் அசையல.

286-ல என்ன பிரச்சனைன்னா, அதுக்கு ரெண்டு மோட் இருக்கு. ரியல் மோட்ல பழைய டாஸ் புரோகிராம் ஓடும், ஒரு மெகாபைட்டத் தாண்டாது. புரொடெக்டட் மோட்ல 16 மெகாபைட் வரைக்கும் போகலாம், ஒரு புரோகிராம் இன்னொண்ணோட மெமரியில கை வைக்க முடியாது. ஓஎஸ்/2 புரொடெக்டட் மோட்ல ஓடுது. ஆனா உலகத்துல இருக்கிற புரோகிராம் எல்லாம் ரியல் மோட்ல. அப்போ டாஸ் புரோகிராம் ஒண்ண ஓட்டணும்னா ரெண்டு மோடுக்கும் நடுவுல மாறி மாறி போகணும். ரியல்ல இருந்து புரொடெக்டட் போறது சுலபம், ஒரே ஒரு பிட்ட ஆன் பண்ணா போதும். திரும்பி வர வழியே கிடையாது. அந்த பிட்ட ஆஃப் பண்றதுக்கு இன்டெல் ஏற்பாடே பண்ணல. இந்த மோட்டுக்கு வந்தவன் எதுக்கு திரும்பிப் போகப் போறான்னு நினைச்சுட்டாங்கபோல.

ஒரே வழி, பிராசஸரையே ரீசெட் பண்றது. ஏடி மெஷின்ல கீபோர்டு கன்ட்ரோலர் சிப்புக்கு ஒரு கமாண்ட் அனுப்பினா அது பிராசஸரோட ரீசெட் லைன இழுத்து விடும். பிராசஸர் எல்லாத்தையும் மறந்துட்டு புதுசா எழுந்திருக்கும், மெஷின ஸ்டார்ட் பண்ற பயாஸ்ங்கிற புரோகிராம் முதல் வேலையா, ரீசெட் ஆனாலும் அழியாத சிமாஸ்ங்கிற சின்ன மெமரியில ஒரு குறிப்பிட்ட பைட்ட பார்க்கும், "இது நிஜமான ஸ்டார்ட் இல்ல, வேணும்னே பண்ண ரீசெட்"னு அதுல எழுதி வச்சிருந்தா மெமரி டெஸ்ட் எல்லாத்தையும் விட்டுட்டு சொல்லியிருக்கிற முகவரிக்கு நேரா தாவிரும். அதாவது ஓடிக்கிட்டிருக்கிற பஸ்ஸ கியர் மாத்துறதுக்காக இன்ஜின ஆஃப் பண்ணி திரும்ப ஸ்டார்ட் பண்றது. கீபோர்டு கன்ட்ரோலர் வழி ரொம்ப மெதுவா இருந்ததால ஓஎஸ்/2-வோட முக்கிய வடிவமைப்பாளரான மைக்ரோசாஃப்ட்டோட கார்டன் லெட்வின் இன்னொரு வழி பிடிச்சார். பிராசஸர் வேணும்னே ஒரு தப்புல விழுற மாதிரி பண்ணி, அந்தத் தப்ப சமாளிக்கிற கோடும் இல்லாத மாதிரி பண்ணி, அதுக்கு மேல ஒரு தப்பு, மூணாவது தப்புல பிராசஸர் கைய விரிச்சுட்டு ஷட்டவுன் ஆகும், மதர்போர்டு அத பார்த்து ரீசெட் பண்ணும், இதெல்லாம் கீபோர்டு வழிய விட வேகமா நடக்கும். டாஸ் புரோகிராம் ஒண்ணு திரையில இருக்கிற நேரமெல்லாம் இது ஒரு நொடிக்குள்ளயே பல தடவ நடந்துக்கிட்டே இருக்கும்.

இத முதல் தடவ படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. எவ்ளோ பெரிய மூளை, எவ்ளோ உழைப்பு. ஆனா அதுக்கு பலன் என்ன? ஒரே ஒரு டாஸ் புரோகிராம். அதுவும் திரையில முன்னாடி இருக்கும்போது மட்டும்தான் ஓடும், பின்னாடி தள்ளினா உறைஞ்சு நின்னுடும், அது கவிழ்ந்தா மொத்த மெஷினையும் கவுத்துடும். அதுக்கு பெனால்டி பாக்ஸ்னே பேரு வச்சாங்க. இதே 386-ல வர்ச்சுவல் 8086-ன்னு ஒரு மோட் ஹார்டுவேர்லயே இருந்துச்சு, எத்தன டாஸ் புரோகிராம் வேணும்னாலும் தனித்தனி பெட்டியில பத்திரமா ஓட்டலாம், ரீசெட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஐபிஎம்முக்குப் போட்டியா பிசி பண்ண காம்பாக் கம்பெனி 1986-லயே 386 மெஷின் விக்க ஆரம்பிச்சிருச்சு. ஓஎஸ்/2 1.0 வெளிய வந்த அன்னைக்கே அதோட மிகக் கஷ்டமான பகுதி தேவையில்லாததா ஆகியிருந்துச்சு.

1988 கோடைக்காலம்

எல்லாரும் 1990 மே 22-ஐத்தான் திருப்புமுனைன்னு சொல்வாங்க, விண்டோஸ் 3.0 வந்த நாள். என்னைக் கேட்டா அது 1988 கோடைக்காலம். முர்ரே சார்ஜென்ட்னு ஒரு பிசிக்ஸ் புரொஃபஸர், அரிசோனா பல்கலைக்கழகத்துல லேசர் பத்தி வேலை பண்ணவர், டாஸ் புரோகிராம்களை புரொடெக்டட் மோட்ல வச்சு ஓட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு டீபக்கர், அதாவது புரோகிராம்ல தப்பு தேடுற கருவி, எழுதி வச்சிருந்தார். மைக்ரோசாஃப்ட்டுக்கு வேலையா வந்தவர் ஒரு பார்ட்டியில விண்டோஸ் டீம்ல இருந்த டேவிட் வைஸ சந்திக்கிறார். பேச்சு பேச்சா இருக்கும்போதே, உன் டீபக்கர வச்சு விண்டோஸையே புரொடெக்டட் மோட்ல ஓட்டிப் பார்த்தா என்னன்னு வந்துச்சு. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியா மாத்தினாங்க. அந்தக் கோடையிலயே விண்டோஸ், ரியல் மோட்ல டாஸ் புரோகிராமுக்கு கிடைச்ச 640 கேபி மெமரிங்கிற சிறைய விட்டு வெளிய வந்துருச்சு.

இத நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பெரிய பெரிய டீம், பல ஊர்ல ஆபீஸ், ஃபுளோரிடாவுல போகா ரட்டான், இங்கிலாந்துல ஹர்ஸ்லி, இந்தப் பக்கம் மைக்ரோசாஃப்ட் இருந்த ரெட்மண்ட், எவ்ளோ கோடு எழுதினன்னு ஆயிரம் வரிக் கணக்குல அளக்கிற ஐபிஎம் வழக்கம், இவ்ளோவும் சேர்ந்து குடுக்க முடியாம தடுமாறின ஒரு விஷயத்த, பெரிய மெமரிய, ரெண்டு பேரு யாரும் கேக்காமலே குடுத்துட்டாங்க. அவங்களுக்கு வாக்கு எதுவும் இல்ல. விண்டோஸ்ட்ட யாரும் எதுவும் எதிர்பார்க்கலங்கிறதுதான் அதுக்கு கிடைச்ச பெரிய சுதந்திரம். 3.0 வந்தப்ப அது மூணு விதமா ஓடுச்சு, பழைய மெஷின்ல ரியல் மோட், 286-ல ஸ்டாண்டர்டு மோட், 386 இருந்தா என்ஹான்ஸ்டு மோட், அதுல பல டாஸ் பெட்டி ஒரே நேரத்துல. 149 டாலர். உன்கிட்ட என்ன மெஷின் இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி ஓடிக்கிறேன்னு வந்து நின்னுச்சு. 286 வச்சிருந்தவங்கள அதுவும் கைவிடல, ஆனா 386 வச்சிருந்தவன 286-ல கட்டிப்போடவும் இல்ல. இந்த வித்தியாசம்தான் எங்க மீட்டிங்ல ரெண்டு மணி நேரம் பேசியும் யாரும் தொடாத இடம்.

இதுக்கு நடுவுல 1989 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல நடந்த காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சியில ரெண்டு கம்பெனியும் சேர்ந்து நின்னு, சின்ன மெஷினுக்கு விண்டோஸ், பெரிய மெஷினுக்கு ஓஎஸ்/2-ன்னு அறிவிச்சாங்க. அத நம்பின கம்பெனிகளோட நிலைமைதான் எனக்கு ரொம்ப வருத்தம். லோட்டஸ் 1-2-3-ய ஓஎஸ்/2-க்கு கிராஃபிக்ஸோட 1990-ல கொண்டு வந்தாங்க, விண்டோஸ் வெர்ஷன் வந்தது 1991-ல. வேர்ட்பெர்ஃபெக்ட்டோட விண்டோஸ் வெர்ஷனும் 1991 கடைசியிலதான். மைக்ரோசாஃப்ட் எக்செல் விண்டோஸ்ல 1987-ல இருந்தே இருக்கு, வேர்டு 1989-ல இருந்து இருக்கு. எழுதினதையே கொஞ்சம் மாத்தி விண்டோஸுக்கும் குடுத்திருக்கலாமேன்னா அதுவும் முடியாது, பிரசன்டேஷன் மேனேஜர்ல எல்லாமே வேற. விண்டோஸ்ல திரையோட மேல் இடது மூலையில இருந்து எண்ணுவாங்க, இதுல கீழ் இடது மூலையில இருந்து. ஒரு கோடு போடுறதுல இருந்து மறுபடி எழுதணும். அந்த ரெண்டு வருஷத்துல போன இடத்த லோட்டஸும் வேர்ட்பெர்ஃபெக்ட்டும் அப்புறம் பிடிக்கவே இல்ல. இங்கதான் அந்த ஆரவாரம் நிஜமாவே ஆட்கள காவு வாங்கினது.

நல்லதா வந்தப்ப

1990 செப்டம்பர்ல பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. ஓஎஸ்/2-வோட 1.x-உம் 2.0-வும் ஐபிஎம்முக்கு, ஓஎஸ்/2 3.0 மைக்ரோசாஃப்ட்டுக்கு. அந்த 3.0 தான் டெக்ங்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து வந்த டேவ் கட்லர் கையில 1993-ல விண்டோஸ் என்டியா வெளிய வந்துச்சு. ஐபிஎம் தனியா உட்கார்ந்து பண்ண 2.0, 1992 வசந்தத்துல வந்துச்சு, 386-க்குன்னே எழுதினது. உண்மையிலயே நல்ல சரக்கு. டாஸ் பெட்டிகள் தனித்தனியா, ஒண்ணு செத்தா இன்னொண்ணுக்கு தெரியவே தெரியாது. ஒர்க்பிளேஸ் ஷெல்லுனு ஒரு டெஸ்க்டாப், அதுல எல்லாமே ஆப்ஜெக்ட், ஒரு ஃபைலுக்கு நிழல் ஒண்ணு போட்டு வச்சா அசல எங்க நகர்த்தினாலும் நிழல் அத விடாம பிடிச்சுக்கும். விண்டோஸ் ஷார்ட்கட்ட இடம் மாத்தி உடைச்சு வச்சிருக்கிற யாருக்கும் இதோட அருமை புரியும்.

நான் ஓஎஸ்/2-வோட பிந்தைய வெர்ஷனான வார்ப் 4-ஐ வர்ச்சுவல் மெஷின்ல போட்டு ஓட்டிப் பார்த்தேன். நிழல் வேலை செய்யறத பார்த்து சந்தோஷமா இருந்துச்சு. அதே சமயம் எல்லாரும் சொல்ற அந்த இன்புட் க்யூ சங்கடமும் கண்ணால பார்த்தேன். கீபோர்டு, மவுஸ்ல இருந்து வர்ற எல்லாமும் ஒரே வரிசையில நிக்குது. ஒரு புரோகிராம் தன் மெசேஜ வாங்கிட்டு பதில் சொல்லாம உட்கார்ந்துட்டா பின்னாடி நிக்கிற எல்லாருக்கும் அடைப்பு. மவுஸ் அம்பு நகருது, எத கிளிக் பண்ணாலும் அசைவில்ல, ஆனா டிஸ்க் லைட் மினுங்குது, பின்னாடி நான் ஓட விட்ட காப்பி வேலை பாட்டுக்கு நடந்து முடிஞ்சிருச்சு. உள்ள சிஸ்டம் உயிரோட, நல்லா, திடமா இருக்கு. வெளிய இருக்கிறவனுக்கு அது செத்துப்போன மாதிரி தெரியுது. இதுக்கு பின்னாடி ஃபிக்ஸ்பேக்ங்கிற திருத்தத் தொகுப்புல ஒரு மாத்து வழி குடுத்தாங்க, அதுக்குள்ள பேரு கெட்டிருச்சு.

அதோட 286-ஓட நிழலும் விடல. 2.0 முப்பத்திரண்டு பிட்தான், ஆனா பழைய பதினாறு பிட் புரோகிராமும் லைப்ரரியும் ஓடணும்ங்கிறதுக்காக மெமரிய 64 கேபி துண்டுகளா அடுக்கி வச்சாங்க. 8192 துண்டு, ஆக ஒரு புரோகிராமுக்கு 512 எம்பி எல்லை. 386 தர்றது 4 ஜிபி. 1992-ல யாருக்கும் இது உறைக்கல, 1999-ல வந்த சர்வர் வெர்ஷன்ல தான் இந்த எல்லைய தாண்டினாங்க. குடுத்த வாக்கு ஒண்ணு ஒரு சாஃப்ட்வேரோட எலும்புக்குள்ள இவ்ளோ வருஷம் உட்கார்ந்திருக்கும்னு யார் நினைச்சிருப்பா.

விண்டோஸ் புரோகிராமையும் உள்ளயே ஓட்டிக் காட்டினதுதான் கடைசி அடி. விண்டோஸ விட நல்ல விண்டோஸ்னு விளம்பரம் பண்ணாங்க. அப்படின்னா புரோகிராம் எழுதுறவன் எதுக்கு தனியா ஓஎஸ்/2-க்கு எழுதணும்? விண்டோஸுக்கு எழுதினா ரெண்டுலயும் ஓடுதே. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல போட்ட வழக்குல ஜட்ஜ் ஜாக்சன் 1999-ல குடுத்த தீர்மானங்கள்ல இருக்கு, உச்சத்துல இருந்தப்பவே ஓஎஸ்/2-க்கு சுமார் 2,500 புரோகிராம், சந்தையில 10 சதவீதம். அதுக்கு மேல ஏறவே இல்ல.

அந்தத் தீர்மானங்கள்லதான் நான் முதல்ல சொன்ன குழி பறிச்ச கதையும் இருக்கு. விண்டோஸ் 95 லைசென்ஸ ஐபிஎம்முக்கு குடுக்காம மைக்ரோசாஃப்ட் இழுத்தடிச்சு, 1995 ஆகஸ்ட் 24, வெளியீட்டு விழா தொடங்க 15 நிமிஷம் இருக்கும்போதுதான் கையெழுத்தாச்சு. இது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா அந்த 15 நிமிஷக் கதையிலயே இன்னொண்ணும் இருக்கு. ஐபிஎம்மோட பிசி பிரிவு விண்டோஸ் 95-க்காக கதவுக்கு வெளிய காத்துக்கிட்டு நின்னுச்சு. தன் வீட்டுல பொறந்த ஓஎஸ்/2 வார்ப் வந்து அப்ப ஒரு வருஷம் கூட ஆகல.

இன்னைக்கு

ஐபிஎம் 2005 டிசம்பர்ல விக்கிறத நிறுத்துச்சு, 2006 கடைசியோட சப்போர்ட்டும் முடிஞ்சுது. ஆனா பல நாட்டுல ஏடிஎம்முக்குள்ள அது வருஷக்கணக்கா ஓடுச்சு, நியூயார்க் சப்வேயோட மெட்ரோகார்டு டிக்கெட் சிஸ்டத்துல பின்னாடி நின்னு தகவல் கடத்துற வேலைய பார்த்துச்சு. எங்க மூத்தவர் சொன்னத வச்சுப் பார்த்தா இதுல ஆச்சரியமே இல்ல. "பேங்க்காரன் புதுசு கேக்க மாட்டான் தம்பி, நேத்து ஓடினது இன்னைக்கும் ஓடுதான்னுதான் கேப்பான்." எந்த கஸ்டமருக்காக 286-ஐ விடாம பிடிச்சாங்களோ, அதே மாதிரி கஸ்டமர்தான் இத கடைசி வரைக்கும் வச்சு காப்பாத்தினதும். அந்த வாக்க தப்புன்னு என்னால ஒரேயடியா சொல்ல முடியாம தடுக்கிறது இதுதான். ஆர்கா நோவேங்கிற கம்பெனி 2017-ல இருந்து ஆர்காஓஎஸ்ங்கிற பேர்ல இத இன்னமும் வித்துக்கிட்டு, புது மெஷின்ல பூட் ஆகற மாதிரி வேலை பண்ணிக்கிட்டு இருக்காங்க.

சோர்ஸ் கோட திறந்து விடுங்கன்னு ஆயிரக்கணக்கான பேரு கையெழுத்து போட்டு ஐபிஎம்ட்ட கேட்டாங்க, முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு கம்பெனி சேர்ந்து எழுதினது, எந்த வரி யாரோடதுன்னு பிரிக்கிறது சட்டப்படி பெரும்பாடு. ஆனா 2024 ஏப்ரல்ல இதே ரெண்டு பேரும் சேர்ந்து எம்எஸ்-டாஸ் 4.0 கோட வெளியிட்டாங்க, அதனால முடியவே முடியாத காரியம் இல்ல. ஓஎஸ்/2 1.0-வையும் ஒருநாள் வெளிய விடணும்னு நான் மனசார ஆசைப்படுறேன். வந்தா முதல்ல திறந்து படிக்கப் போறது அந்த மோட் மாத்துற பகுதியத்தான். லெட்வின் எங்க என்ன கமென்ட் எழுதி வச்சிருக்கார்னு பார்க்கணும்.